முப்பத்தாறு அமுக்கு

உக்காருங்க அண்ணாச்சி, இந்த ஓரமா உக்காருங்க. இங்கதான் ஃபேன் சுத்தும். அந்தப் பக்கம் இருக்குறது சுத்தாது. அதுக்குக் கீழ போய் உக்காந்துட்டு எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. பேசாதீங்க, பேசக் கூடாது. பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வச்சிருக்குல்ல, அதை நல்லா அழுத்திக் கடிங்க. துப்பவும் கூடாது, எச்சி ஊறினா முழுங்கிருங்க. அரை மணி நேரம்தான். அப்புறம் நம்பரைக் கூப்பிடுவாங்க. உள்ள போனா பஞ்சை எடுத்துட்டு, ரத்தம் நின்னுருச்சான்னு பாத்து அனுப்பிருவாங்க. இன்னைக்குப் பூரா சூடா ஒண்ணும் திங்காதீங்க. ஐஸ்கிரீம் திங்கலாம். நம்ம வயசுல ஐஸ்கிரீம் தின்னா பாக்குறவன் ஒரு மாதிரி பாப்பான். டாக்டர் சொன்னாருன்னு சொல்லிருங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? எம்பல்லு நாலு இந்த ஆஸ்பத்திரியிலதான் போச்சு. இன்னைக்கு அஞ்சாவது.

உங்களுக்கு எடுத்தது யாரு, பதினோராம் நம்பர் நாற்காலியா? தலையை ஆட்டினாப் போதும். கண்ணாடி போட்டு, கொஞ்சம் குள்ளமா இருந்துச்சா? ஊசி போடும்போது மத்த பிள்ளைங்க எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க. இது வலிக்கும், பொறுத்துக்குங்கன்னு சொல்லியிருக்குமே? அதுதான் எம்பொண்ணு. மதிவதனின்னு பேரு. வீட்ல பாப்பான்னுதான் கூப்பிடுறது. பல் டாக்டருக்குக் கடைசி வருசம் படிக்குது. வலிக்கும்னா வலிக்கும்னுதான் சொல்லும், பொய் வராது. அந்தக் குணம் எங்கிட்டருந்து வந்தது.

நான் தவசிலிங்கம். தாலுகா ஆபீஸ்ல முப்பத்தோரு வருசம் குப்பை கொட்டினேன். எல்லாம் மனு வாங்குற வேலைதான். இப்ப ரிட்டயர்டு.

இந்தப் படிப்புல ஒரு சங்கதி இருக்கு அண்ணாச்சி. பரீட்சை எழுதினா மட்டும் பத்தாது. இத்தனை பல்லு எடுத்திருக்கணும், இத்தனை பல்லு அடைச்சிருக்கணும், பொக்கை வாய்க்கு இத்தனை பல்செட்டு கட்டியிருக்கணும்னு விதி இருக்கு. ஆளு வரலைன்னா படிக்கிற பிள்ளைங்களே தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். மத்த பிள்ளைங்க பஸ் ஸ்டாண்டுல போய் நிக்குதுங்க. எம்பொண்ணுக்கு அந்தக் கவலை இல்ல. முதியோர் பென்சனுக்கு வீடு வீடா விசாரணைக்குப் போன ஆளு நான், எங்க ஊர்ப் பக்கம் யாருக்கெல்லாம் பல்லு இல்லங்கிறது எனக்குத் தெரு வாரியாத் தெரியும். பல்செட்டுக்குன்னு மட்டும் ஏழு பேரைக் கூட்டியாந்தேன். அதுல ஒருத்தர், மாட்டிவிட்டதும் கண்ணாடியப் பாத்துட்டு, இது எங்கண்ணன் மாதிரி இருக்கு, அவனோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்லன்னு கழட்டி வச்சிட்டாரு. அதுக்கு நான் என்ன செய்ய?

ஆளு சிக்காத வாரம் நானே வந்துருவேன். ஆடுற பல்லைத்தான் எடுப்பாங்க, நல்ல பல்லைத் தொட மாட்டாங்க. அதுல இங்க கண்டிப்பு. எனக்கு இந்தக் கீழ்ப்பல்லு கொஞ்சம் ஆடிக்கிட்டிருந்துச்சு. நானும் கொஞ்சம் ஆட்டிவிட்டேன்.

எங்க வீட்ல சத்தம் போடுவா. பிள்ளைக்குச் சொத்து எழுதிவைக்கிறவனைப் பாத்திருக்கேன், பல்லை எழுதிவைக்கிறவரை இப்பத்தான் பாக்குறேன்பா. அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு ஒண்ணும் தெரியாது. யாருக்கும் தெரியாது. பஞ்சு கடிச்சிருக்குறவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன். நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே கடிங்க. பொழுது போகும்.

பாப்பா நீட்டு ரெண்டு தடவ எழுதுச்சு. முதல் தடவ பள்ளிக்கூடம் முடிச்ச கையோட எழுதினது, தேறல. பெறகு ஒரு வருசம் வீட்லயே இருந்து படிச்சுச்சு. அந்த ஒரு வருசம் அது எங்க வீட்ல இருந்துச்சா, நாங்க அது வீட்ல குடியிருந்தமான்னு தெரியாது. விசில் அடிச்சா பிள்ளைக்குக் கவனம் சிதறும்னு எங்க வீட்ல குக்கரைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு, சட்டியில சோறு வடிச்சா. கேபிள் கனெக்சனை எடுத்தாச்சு. வாரத்துக்கு ஒரு நாள் வீட்லயே மாதிரிப் பரீட்சை வைப்பேன். நான்தான் சூப்பர்வைசர். வேட்டியோட உக்காந்தா அதுக்கு ஒரு பயம் வராதுல்ல, பேண்ட் சட்டை போட்டு, பெல்ட் கட்டி உக்காருவேன். அரை மணிக்கு ஒரு தடவ எவர்சில்வர் தட்டுல கரண்டியால அடிச்சு மணி சொல்லுவேன். அதுக்கு விசிலே அடிக்க விட்டிருக்கலாம்னு எங்க வீட்ல சொன்னா. குதர்க்கம்.

கேள்வி கேக்குறதும் நான்தான். புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். தவளை இதயத்துல எத்தனை அறைன்னு இப்பக் கேளுங்க. மூணு. இதை வச்சுக்கிட்டு நான் இனி என்ன செய்யப் போறேன்? இருந்தாலும் மறக்க மாட்டேங்குது.

பரீட்சைக்கு உலோகமே ஆகாதுன்னுட்டாங்க. எங்க வீட்ல சுடிதார்ல இருந்த கொக்கியெல்லாம் பிரிச்சுட்டு நாடா வச்சுத் தச்சா. மூக்குத்தி கழட்ட வரல. தேங்காயெண்ணெய் விட்டு, மெல்ல மெல்ல நான்தான் கழட்டினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சு. பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு ஏதோ ஃபார்முலா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் ஓட்டை தூந்துபோச்சு. இப்பவும் அது மூக்குத்தி போடுறதில்ல.

ரெண்டாந்தடவ மார்க் வந்துச்சு. ரொம்ப நல்லாவும் இல்ல, மோசமும் இல்ல. கோட்டு மேல நின்னுச்சு. எம்பிபிஎஸ் கிடைச்சாலும் கிடைக்கும், கை நழுவினாலும் நழுவும். பல் டாக்டர் சீட்டு மட்டும் நிச்சயம்னு எல்லாரும் சொன்னாங்க. அங்கதான் எனக்கு யோசனை ஆரம்பிச்சது.

கவுன்சிலிங் எல்லாம் கம்ப்யூட்டர்லதான். எந்தக் காலேஜ் வேணும்னு நம்ம விருப்பத்தை வரிசையாப் போடணும். முதல் விருப்பம், ரெண்டாவது விருப்பம், அப்படியே கீழ. பாப்பா ஒரு நாள் பூரா உக்காந்து போட்டுச்சு. எம்பிபிஎஸ்ஸா முப்பத்தாறு காலேஜ். அதுக்குக் கீழ, முப்பத்தேழாவதா, இந்தப் பல் காலேஜ். போட்டு முடிச்சதும் அதுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லாக் பண்ணணும், பண்ணிட்டா பெறகு மாத்த முடியாது. நீ படும்மா, நான் போய்ப் பண்ணிட்டு வாறேன்னு நான்தான் கிளம்பினேன். எப்படியும் அந்த ரகசிய நம்பர் எம்போனுக்குத்தான் வரும்.

போற வழியில யோசிச்சேன் அண்ணாச்சி. முப்பத்தோரு வருசம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாத்தவன் நான். ஒருத்தன் வாறான். அவனுக்கு மூணு செண்டுதான் நியாயம். அவன் அஞ்சு ஏக்கர் கேட்டு மனு போடுறான். என்ன ஆகும்? தள்ளுபடின்னு எழுதுவோம். தள்ளுபடின்னு எழுதிட்டா அந்த மனு செத்துப்போச்சு. பெறகு அவன் ஐயா மூணு செண்டாவது குடுங்கன்னு வந்தா, புது மனு, புது நம்பர், வரிசைக்குக் கடைசி. அவன் முறை வர்றதுக்குள்ள அந்த மூணு செண்டும் வேற எவனுக்கோ போயிருக்கும். நேர்ல பாத்தது இது. இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதன்னு பெரியவங்க சும்மா சொல்லல.

அவ்வளவு ஏன், என் டிரான்ஸ்ஃபரையே எடுத்துக்குங்க. சாத்தூர் வேணும் சாத்தூர் வேணும்னு பதினோரு வருசம் எழுதிக் கேட்டேன். கிடைக்கல. ஒரு வருசம் வெறுத்துப்போய், கடலோரத்துல ஒரு ஊரு, தண்ணி கூட உப்பு, எவனும் போக மாட்டான், அந்த ஊரைக் கேட்டேன். ஒரே வாரத்துல ஆர்டர் வந்துச்சு. அங்க நாலு வருசம் கிடந்தேன். கஷ்டம்தான், ஆனா கேட்டது கிடைச்சதுன்னு ஒரு நிம்மதி இருக்கு பாருங்க, அது தனி.

கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுகிட்ட சொன்னேன், இந்த முப்பத்தேழாவதை முதலாவதா ஆக்கும்மான்னு. அந்தப் பக்கத்துல மேல பாத்த மாதிரி ஒரு அம்புக்குறி. அதை ஒரு தடவ அமுக்கினா ஒரு படி ஏறும். முப்பத்தாறு தடவ அமுக்கணும். அந்தப் பொண்ணு கையை மவுஸ்ல வச்சுக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

"சார், உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீ அமுக்கு."

எண்ணிக்கிட்டே அமுக்குச்சு. பத்துல ஒரு தடவ நின்னுச்சு. இருவதுல ஒரு தடவ நின்னுச்சு. முப்பத்தஞ்சுல, இதுக்கு மேல ஒண்ணுதான் சார் இருக்கு, அதுக்குக் கீழயே இருந்துட்டுப் போகட்டுமான்னு கேட்டுச்சு. அது சின்னப் பிள்ளை. மனு எழுதுறதைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? நான் தலையை ஆட்டினேன். முப்பத்தாறாவது தடவயும் அமுக்கிருச்சு. எம்போனுக்கு நம்பர் வந்துச்சு, சொன்னேன். லாக் ஆயிருச்சு.

முதல் சுத்துலயே சீட்டு வந்துருச்சு அண்ணாச்சி. முதல் விருப்பமே! ஊர்ல எத்தனை பேருக்கு முதல் விருப்பம் கிடைச்சிருக்கும்னு நினைக்கிறீங்க? நான் லட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். பாப்பா கட்டில்ல உக்காந்து போனைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. நிமிந்து என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"மார்க் பத்தலையாப்பா?"

"பத்தலம்மா" அப்படின்னேன்.

அது சரிப்பான்னுச்சு. லட்டுல பாதியைப் பிட்டு வாயில போட்டுக்கிச்சு. அழல. எங்க வீட்லதான் அழுதா. அவ எதுக்கும் அழுவா.

பத்து நாள் போச்சு. எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட்டு பாக்கியத்தாயி, மகளைக் கூட்டிக்கிட்டு ஸ்வீட் பாக்ஸோட வந்துச்சு. மகளுக்கு எம்பிபிஎஸ். எங்க பாப்பாவை விட ஆறு மார்க்கு கம்மி, அதே கோட்டா. நான் ஸ்வீட்டை எடுத்து வாயில போட்டேன்.

அன்னைக்கே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அந்தப் பொண்ணு பொறுமையாச் சொல்லுச்சு. சார், கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிள்ளையையும் மார்க் வரிசையில எடுத்து, அது போட்ட முதல் விருப்பம் இருக்கான்னு பாக்கும். இல்லன்னா ரெண்டாவது, இல்லன்னா மூணாவது. கடைசி வரைக்கும் பாத்து முடிச்சிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்கே போகும், யாரையும் பின்னால தள்ளாதுன்னுச்சு. பாப்பா போட்ட வரிசைப்படி விட்டிருந்தா இருவத்தொம்பதாவது காலேஜ்ல எம்பிபிஎஸ் கிடைச்சிருக்கும்னும் சொல்லுச்சு. அதையும் கணக்குப் பாத்து வச்சிருக்கு பாருங்க. நான் கேட்டனா?

நீங்களே சொல்லுங்க. சரி, சொல்லாதீங்க, கடிங்க. அப்படி ஒரு ஆபீஸ் உலகத்துல நடக்குமா? முப்பத்தாறு தடவ இல்ல இல்லன்னு சொல்லிட்டு, முப்பத்தேழாவது தடவயும் முகம் கோணாம, வேற என்ன வேணும்னு கேக்குற ஆபீஸ் எந்த ஊர்ல இருக்கு? அப்படி ஒரு கவுண்டரை நான் பாத்ததே இல்ல. பாத்திருந்தா நான் ஏன் அப்படிப் பண்ணப் போறேன்?

அடுத்த சுத்துல மேல ஏத்திக் கேக்கலாமேன்னு நினைப்பீங்க. முதல் விருப்பத்துல நிக்கிறவனுக்கு மேல ஏறப் படி எங்க இருக்கு?

அதனால ஒண்ணும் பேசாம இருந்துட்டேன். எந்தக் காலேஜ் எந்த மார்க்குல முடிஞ்சதுன்னு பேப்பர்ல வரும்னாங்க, ஒரு மாசம் பேப்பரை நிறுத்தினேன். சீட்டு ஆர்டர்ல விருப்ப எண் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. அந்த மூலையை மடிச்சுத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். பாப்பா இதையெல்லாம் நோண்டிப் பாக்குற பிள்ளை இல்ல. எப்பப் பாத்தாலும் போனுதான். நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னே அதுக்குத் தெரியாது. பாக்கியத்தாயி மகளும் அதுவும் ஒரே பெஞ்சுல படிச்சதுங்க, இன்னைக்கும் தெனம் பேசிக்குதுங்க. ஆனா மார்க்கைப் பத்தியெல்லாம் அதுங்க பேசாதுங்க.

நான் செஞ்சது தப்புன்னு சொல்லல. அதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கணும். கைக்கு வந்ததைக் கெட்டியாப் பிடிச்சுக் குடுத்தேன். பல் டாக்டரும் டாக்டர்தான். உங்களுக்கு வேர் முறியாம எடுத்துச்சா இல்லையா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, கை சுத்தம்னு. எனக்குக் கடைவாய்ப்பல்லு எடுக்கும்போது தெரியவே இல்ல.

ஆனா அந்தப் பத்தலம்மா இருக்கு பாருங்க. அதுதான் என்னை விட மாட்டேங்குது. வரிசையை மாத்தினது கூட வேற. நான் ஒரு தகப்பன், யோசிச்சேன், தப்பாக் கணக்குப் போட்டேன்னு வச்சுக்குவோம். போகட்டும். ஒரு வருசம் அந்தப் பிள்ளை தூங்காமப் படிச்சு வாங்கின மார்க்கு. அது பத்துச்சு அண்ணாச்சி. பத்துச்சு. நான் அதைப் பத்தலன்னு சொன்னேன். அன்னையிலருந்து அது தன்னைப் பத்தாதவன்னு நினைச்சுக்கிட்டுத் திரியுது. ஏதாவது நல்லாப் பண்ணினன்னு நான் சொன்னாக்கூட, நம்ம லெவலுக்கு இது போதும்பாங்குது. உன் லெவல் என்னன்னு எனக்குத் தெரியும்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். வராது.

சொல்லணும்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன். காலேஜ்ல சேத்த அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன், அன்னைக்கு எங்க வீட்ல கூட இருந்தா. முதல் தடவ வெள்ளைக் கோட்டுப் போட்டுக் காட்டுச்சு, அன்னைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன், அவ்வளவு சந்தோசமா நிக்கும்போது எப்படிச் சொல்றது? சரி, நாற்காலியில உக்காந்து, ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது சொல்லுவோம்னு வந்தேன். சொல்லலாம்னு வாயைத் திறந்தா, இன்னும் நல்லாத் திறங்கப்பான்னு கண்ணாடிக் குச்சியை உள்ள விட்ருது. இப்படியே நாலு பல்லு போச்சு.

அதான் இங்க வந்து உக்காந்துக்கிறது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாயைக் கட்டிக்கிட்டு வந்து பக்கத்துல உக்காருவாங்க. சொல்லுவேன். இந்த ரெண்டு வருசத்துல ஒரு நாப்பது பேர்கிட்ட சொல்லியிருப்பேன். ஒருத்தர் கூட இடையில பேசினதில்ல. சொல்லி முடிச்சா அன்னைக்கு ஒரு நாள் தூக்கம் வரும். கோயில்ல சொன்னா வராது, சாமியும் பேசாதுதான், ஆனா அது பஞ்சு கடிச்ச மாதிரி பாக்காதே.

என்ன? எதுக்கு என் சட்டைப் பையைக் காட்டுறீங்க? பேனாவா? இந்தாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பின்னால எழுதுங்க, பரவால்ல, அந்தப் பக்கம் யாரும் பாக்க மாட்டாங்க. மருந்து கேக்கணுமா? வலிக்கு எழுதிக் குடுத்திருப்பாங்களே.

குடுங்க. கண்ணாடி கொண்டாரல, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. டாக்டரம்மாவுக்கு... இதெல்லாம்... தெரியும்.

எதெல்லாம் தெரியும்?

இல்ல அண்ணாச்சி. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. அதுக்குத் தெரியாது. அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டிருக்கேன். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கேட்டவங்க எல்லாரும் வாயில பஞ்சோட...

அட.

அட, ஆமா. எல்லாரும் அரை மணி கழிச்சு உள்ளதான போறாங்க. பஞ்சை எடுக்குறதும் அதுதான. நாப்பது பேரு. ஒருத்தர் கூடவா சொல்லாம இருந்திருப்பாங்க? முப்பத்தோரு வருசம் ஆபீஸ்ல இருந்திருக்கேன், ஒரு ஃபைல் எங்க சுத்தி எங்க போகும்னு தெரியாதா எனக்கு? இதை நான் யோசிக்கவே இல்ல பாத்துக்கிடுங்க.

இன்னும் எழுதுறீங்களா? மெதுவா எழுதுங்க. பெரிய எழுத்தா எழுதுங்க.

"உங்க பக்கத்துல போய் உக்காரச் சொன்னதே அவங்கதான்"னு எழுதியிருக்கீங்க.

யாரு, பாப்பாவா? என்னன்னு சொல்லுச்சு? அப்படியே எழுதுங்க, அது சொன்ன மாதிரியே எழுதுங்க. வேணும்னா என் சீட்டையும் தாறேன், இதுலயும் இடம் இருக்கு.

காட்டுங்க, படிக்கிறேன். "வெளிய எங்கப்பா உக்காந்திருப்பாரு. அவருக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சு வந்துராதீங்க."

இப்படியா சொல்லுச்சு? கோபமாச் சொல்லுச்சா? தலையை ஆட்டுங்க. இல்லையா. சிரிச்சுக்கிட்டா? அதுவும் இல்லையா. பெறகு எப்படித்தான் சொல்லுச்சு? எழுத வேணாம், விடுங்க. எழுதினா என்னால படிக்க முடியாது. கண்ணு மறைக்குது. ஃபேன் காத்து கண்ணுக்குள்ளயே அடிக்குது.

ரெண்டு வருசமா நாந்தான் அதுக்குத் தெரியாம ஆளுகளைப் பிடிச்சு வச்சுச் சொல்லிக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன். அது எனக்கு ஆளு அனுப்பிக்கிட்டிருந்திருக்கு. ஒவ்வொருத்தரா, பல்லைப் பிடுங்கி, பஞ்சை வச்சு, போய் எங்கப்பா பக்கத்துல உக்காருங்கன்னு. ஒரு நாளும் எங்கிட்டக் கேக்கல. ஏம்ப்பா இப்படிப் பண்ணினன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டா நான் ஏதாவது காரணம் சொல்லுவேன்னு தெரிஞ்சிருக்கு. சாத்தூர் கதையைச் சொல்லியிருப்பேன். மூணு செண்டு கதையைச் சொல்லியிருப்பேன்.

அதுக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம். நானா வந்து சொல்லணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. எத்தனை பல்லு போனாலும் காத்துக்கிட்டிருக்கும், அது பிடிவாதக்காரி. முன்னாடியே விழுந்தது போக எனக்கு இன்னும் இருவத்திரெண்டு பல்லு இருக்கு.

பதினோராம் நம்பர்ல கூப்பிடுறாங்க. கேக்குதா? உங்களைத்தான். இருங்க, எந்திரிக்காதீங்க. உங்களுக்கு அடுத்து நாந்தான். உள்ள போன உடனே ஊசி போட்டா ஒரு மணி நேரத்துக்கு எனக்கு நாக்கு இருக்கிற இடமே தெரியாது. இன்னைக்கும் பேச முடியாது. வாசல்லயே நின்னு சொல்லிறணும், நாற்காலியில ஏறக் கூடாது. ஏறினா வாயைத் திறக்கச் சொல்லும்.

அண்ணாச்சி, முப்பத்தோரு வருசத்துல நான் யாரையும் வரிசை தாண்டி உள்ள விட்டதில்ல. கலெக்டர் சொந்தக்காரன்னு சொல்லிக்கிட்டு வந்தவனைக் கூடப் பின்னால போய் நிக்க வச்சிருக்கேன். நீங்க இன்னும் அஞ்சு நிமிசம் பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இங்கயே இருங்க. உங்க நம்பர்ல நான் போறேன்.